கருவுற்ற காலத்தில் மன அமைதி: இல்லத்தார் அனைவரும் கற்க வேண்டிய பாடம்



இல்லத்தில் மகளோ மருமகளோ கருவுற்றிருக்கின்றாள் என்னும் செய்தி வந்தவுடன், உற்றாரும் உறவினரும் தவறாமல் கூறும் அறிவுரை ஒன்று உண்டு. "மனத்தில் எந்தக் கவலையும் வைத்துக்கொள்ளாதே அம்மா" என்பதே அது. அன்பினால் எழும் சொல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் "கவலைப்படாதே" என்று சொன்ன மாத்திரத்தில் கவலை நீங்கிவிடுமாயின் உலகில் கவலை என்பதே இராது. கவலைக்குக் காரணம் ஒன்று இருக்கும். அக்காரணம் பல வேளைகளில் கருவுற்ற பெண்ணின் கையில் இல்லை. அவளைச் சூழ்ந்துள்ளவர்களின் சொல்லிலும் செயலிலும் உள்ளது.

ஆகவே, கருவுற்றவளின் மன அமைதி அவள் ஒருத்தியின் கடமை அன்று, இல்லத்தார் அனைவரின் கூட்டுக் கடமை என்பதே இப்பாடத்தின் மையக் கருத்தாகும். கணவரும், மாமியாரும், தாயும், தந்தையரும் இதனைப் படித்தல் வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

1. மன இறுக்கம் என்பது யாது?

நம் ஆற்றலுக்கு மேற்பட்ட சுமை வந்துற்றது என்று மனம் உணரும்போது உடலிலும் உள்ளத்திலும் தோன்றும் நிலையே மன இறுக்கம். அவ்வேளையில் அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. நெஞ்சு படபடக்கின்றது; மூச்சு மேலோட்டமாகின்றது; கழுத்தும் தோளும் இறுகுகின்றன; உறக்கம் கெடுகின்றது. தேர்வு எழுதச் செல்லும் மாணவனுக்கும் இதுவே நிகழ்கின்றது. தேர்வு முடிந்ததும் உடல் பழைய நிலையை அடைந்துவிடும். சிறிது நேர இறுக்கத்தினால் தீங்கில்லை. நாள்தோறும் ஓய்வின்றித் தொடரும் இறுக்கமே கவனத்திற்குரியது.

"நீ கவலைப்பட்டால் குழந்தைக்குக் கெடுதல்" என்று கருவுற்ற பெண்ணிடம் கூறும் வழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. இதனைவிட அவளை வருத்தும் சொல் வேறில்லை. முன்பு ஒரு கவலை இருந்தது. இச்சொல்லைக் கேட்டபின் கவலைப்படுகின்றோமே என்னும் கவலையும் சேர்ந்துகொள்கின்றது.

உண்மை நிலை யாதெனில், கருவுற்ற காலத்தில் தாயின் இரத்தத்தில் கார்ட்டிசாலின் அளவு இயல்பாகவே உயர்ந்து, இறுதி மாதங்களில் இரண்டு மூன்று மடங்காகின்றது. குழந்தையின் நுரையீரல் முதலியன முதிர்வதற்கு அந்த ஹார்மோன் தேவைப்படுகின்றது. மேலும், நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி, தாயிடமிருந்து வரும் கார்ட்டிசாலின் பெரும்பகுதியைச் செயலற்றதாக மாற்றிவிடுகின்றது. ஒருநாள் அழுததாலோ, ஓர் இரவு உறங்காததாலோ குழந்தைக்கு ஊறு நேர்ந்துவிடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை.

அதே வேளையில், பல வாரங்கள் தொடரும் கடும் மனத்துன்பத்தைப் புறக்கணித்தலும் கூடாது. அத்தகைய துன்பத்திற்கும், குறைமாதப் பேற்றிற்கும், குறைந்த எடையுடன் குழந்தை பிறப்பதற்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. துன்புறும் தாய் சரியாக உண்பதில்லை, உறங்குவதில்லை, மருத்துவப் பரிசோதனைக்கும் ஒழுங்காகச் செல்வதில்லை. இவையும் காரணங்களாகின்றன.

2. கவலைகள் எவை?

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதற் பாடம், மாணவன் ஏன் படிக்கவில்லை என்று கடிந்துகொள்வதற்கு முன் அவன் இடர்ப்பாடு யாதென அறிக என்பதாகும். இங்கும் அம்முறையே ஏற்றது. கருவுற்ற பெண்டிரின் கவலைகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

முதலாவது, உடல் பற்றியது. மசக்கை, களைப்பு, முதுகுவலி ஆகியவற்றால் வழக்கமான வேலைகளைச் செய்ய இயலாமற் போகின்றது. "நாங்களெல்லாம் பேற்று வலி வரும்வரை நெல் குற்றினோம்" என்னும் ஒப்பீடு அவளைச் சோம்பேறியென்று சுட்டுகின்றது.

இரண்டாவது, பேறுகால அச்சம். மூன்றாவது, பணமும் பணியும். நான்காவது, பிறக்கவிருப்பது ஆணா பெண்ணா என்னும் எதிர்பார்ப்பு. ஐந்தாவது, முன்னர் ஒரு கரு கலைந்திருப்பின், அந்தத் துயரம் மீண்டும் நேருமோ என்னும் நடுக்கம். ஆறாவது, தனிமை. வந்தவாசி, திண்டிவனம், செய்யாறு வட்டாரத்துச் சிற்றூர்களில் கூட்டுக் குடும்பமாய் வாழ்ந்த நம் மக்களின் பிள்ளைகள் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் அயல்நாடுகளிலும் வாழ்கின்றனர். கணவர் அலுவலகம் சென்றபின் பகல் முழுவதும் அடுக்குமாடி வீட்டில் தனித்திருக்கும் பெண்ணுக்கு, மனம் விட்டுப் பேச ஆளில்லை.

இவற்றுள் ஐந்தாவதைப் பற்றி ஒரு சொல். அறியப்பட்ட கருக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 15 வரை தொடக்க மாதங்களிலேயே கலைந்துவிடுகின்றன. முதல் மூன்று மாதங்களில் கலைவனவற்றுள் ஏறத்தாழப் பாதிக்குக் குரோமோசோம் குறைபாடே காரணம். குடம் தூக்கியதும், படியேறியதும், கணவருடன் பிணங்கியதும் காரணங்கள் அல்ல. ஆகவே, "நீ கவனமாக இருந்திருக்கலாம்" என்று இல்லத்தார் எவரும் ஒருபோதும் கூறலாகாது. தன்மேற் பழி சுமந்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு அடுத்த கருவின் ஒவ்வொரு நாளும் தண்டனைக் காலமாகிவிடும்.

3. ஆணா, பெண்ணா?

இதனைத் தனியே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. கோவாவில் தாய்மாரிடையே நடத்தப்பெற்று 2002ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், பேறு முடிந்து ஆறு முதல் எட்டு வாரங்களில் நூற்றுக்கு 23 தாய்மார் மனச்சோர்வு நோய்க்கு உள்ளாகியிருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கருவுற்ற காலத்திலேயே மனத்துன்பம் உடையவர்களாய் இருந்தனர். வறுமையும், கணவருடன் இணக்கமின்மையும், ஆண் மகவை எதிர்பார்த்த இல்லத்தில் பெண் மகவு பிறந்தமையும் அந்நோய்க்கு முதன்மைக் காரணங்களாய்க் காணப்பட்டன.

அறிவியல் பாடம் நடத்தும்போது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கூறுவதை இங்கும் கூறுகின்றேன். தாயின் கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோமே உள்ளது. தந்தையின் விந்தணுவில் எக்ஸ் இருப்பின் பெண் மகவு. ஒய் இருப்பின் ஆண் மகவு. இதில் தாயின் செயல் ஏதுமில்லை. தந்தையும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. இது எட்டாம் வகுப்பில் முடிந்துபோன பாடமன்று. மாமியாரும் மாமனாரும் மீண்டும் படிக்க வேண்டிய பாடம்.

கருவின் பாலினத்தை ஸ்கேன் மூலம் அறிந்து கூறுவதும் கேட்பதும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தடை செய்யப்பட்டுள்ளன. சட்டத்திற்கு அஞ்சி மருத்துவரிடம் கேளாதவர்கள், வயிற்றின் வடிவையும் முகத்தின் பொலிவையும் கொண்டு வீட்டிற்குள் குறி சொல்கின்றனர். "இந்த முறை பேரன்தான்" என்று மகிழ்ச்சியோடு கூறும் ஒரு சொல், அவள் நெஞ்சில் ஒன்பது மாதமும் கனக்கின்றது. எறும்பிற்கும் தீங்கு எண்ணலாகாது என்று கற்ற நாம், கருவுற்ற பெண்ணின் நெஞ்சைச் சொல்லால் துன்புறுத்தலும் ஹிம்சையே என்பதை உணர வேண்டும். "எந்தக் குழந்தையாயினும் இந்த வீட்டின் செல்வம்" என்று குடும்பத்தின் மூத்தவர் ஒருவர் எல்லோரும் கேட்கும்படி ஒருமுறை கூறிவிட்டால், அது மருந்தினும் மேலானது.

4. உணவும் நோன்பும்

களைப்பும் எரிச்சலும் அழுகையும் எப்போதும் மனத்திலிருந்தே வருவன அல்ல. 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் கருவுற்ற பெண்டிரில் நூற்றுக்கு 52 பேருக்கு இரத்தசோகை உள்ளது. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் கருவுற்றவளுக்கு அது இரத்தசோகையாகும். தைராய்டு சுரப்புக் குறைவும் மனத்தைச் சோர்வடையச் செய்யும். எனவே, மனச்சோர்வு என்று முடிவு கட்டுவதற்கு முன் இவ்விரு பரிசோதனைகளையும் செய்துகொள்ளுதல் நலம்.

சைவ உணவு உண்ணும் நம் குடும்பங்களில் வைட்டமின் பி12 குறைவு ஏற்பட வாய்ப்புண்டு. அது பயிர்வகை உணவில் இயல்பாய்க் கிடைப்பதில்லை. பாலும் தயிரும் மோரும் நாள்தோறும் சேர்த்துக்கொள்ள வேண்டும். போதாதெனில் மருத்துவர் மாத்திரை தருவார். கீரை, கேழ்வரகு, பயறு, கொள்ளு, எள் ஆகியவற்றோடு நெல்லிக்காய் அல்லது எலுமிச்சைச் சாறு சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீர், காப்பி ஆகியவற்றோடு உட்கொள்ளலாகாது.

இரவு உண்ணாமை நம் நெறி. கருவுற்றவள் ஒரே வேளையில் மிகுதியாக உண்ண இயலாதவள். ஆகையால் காலை முதல் மாலை வரை ஐந்தாறு முறையாகச் சிறுகச் சிறுக உண்ணும்படி ஏற்பாடு செய்தல் வேண்டும். பிற்பகல் நான்கு மணிக்கே மாலை உணவிற்கான அடுப்பு எரிய வேண்டுமாயின், அவ்வேலையை அவள் அல்லாத ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். நீண்ட உபவாசங்களைக் கருவுற்ற காலத்தில் தவிர்ப்பதே அறிவுடைமை. மருத்துவரைக் கேளாமல் எந்த நோன்பையும் மேற்கொள்ளலாகாது. இரவில் மருந்தோ நீரோ உணவோ இன்றியமையாதது என்று மருத்துவர் கூறினால், "செய்யலாமா, கூடாதா" என்னும் தடுமாற்றத்தை அவள் தலையில் சுமத்தாமல், வீட்டுப் பெரியோர் முன்னதாகவே பேசி முடிவு செய்து, "மருத்துவர் சொன்னபடி செய், அம்மா" என்று தெளிவாகக் கூறிவிட வேண்டும். அவள் பட்டினி கிடக்கவும் கூடாது. உண்டுவிட்டோமே என்று வருந்தவும் கூடாது.

5. கருவுற்றவள் தானே செய்யத்தக்கவை

மூச்சுப் பயிற்சி: முதுகைச் சாய்த்து வசதியாக அமர்க. மனத்திற்குள் நான்கு எண்ணும்வரை மூக்கின் வழியே மூச்சை இழுக்க. ஆறு எண்ணும்வரை மெல்ல வெளிவிடுக. மூச்சை அடக்கி நிறுத்த வேண்டாம். ஐந்து நிமிடம் இவ்வாறு செய்தால் நெஞ்சின் படபடப்புத் தணியும். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு மெதுவாகும் என்பது இதன் அடிப்படை.

தசைத் தளர்ச்சி: எட்மண்ட் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் இம்முறையை 1929ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பாதத்தின் தசைகளை ஐந்து எண்ணும்வரை சற்றே இறுக்கிப் பின் தளர விடுக. அவ்வாறே கணுக்கால், தொடை, கை, தோள், முகம் என ஒவ்வொன்றாகச் செய்க. வயிற்றுப் பகுதியை இறுக்க வேண்டாம். கெண்டைக்காலில் பிடிப்பு வருவோர் அப்பகுதியை விட்டுவிடுக. இறுக்கத்திற்கும் தளர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டை உடல் அறிந்துகொண்டால், தேவையானபோது தளர்த்திக்கொள்ளும்.

நடை: மருத்துவர் தடை செய்யாதவரை நாள்தோறும் அரைமணி நேரம், பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் நடத்தல் நன்று.

உறக்கம்: ஏழாம் மாதத்திற்குப் பின் ஒருக்களித்துப் படுத்தல் வேண்டும். மல்லாந்து படுத்தால் கருப்பையின் எடை முதுகுப்புறத்துப் பெரிய இரத்தக் குழாயை அழுத்தும். முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணை வைத்துக்கொண்டால் இடுப்புவலி குறையும். படுக்கைக்குக் கைப்பேசியைக் கொண்டு செல்லற்க. நள்ளிரவில் கைப்பேசியில் நோய்களைத் தேடிப் படிப்பவள் விடியும்வரை உறங்காள்.

கவலைப் பட்டியல்: ஒரு குறிப்பேட்டில் மனத்தை வருத்துவனவற்றை எழுதுக. எதிரே மூன்று கட்டங்கள் வரைக: "மருத்துவரிடம் கேட்க வேண்டியது", "கணவரிடம் பேச வேண்டியது", "என்னால் மாற்ற இயலாதது". முதலிரண்டையும் உரியவரிடம் கொண்டு செல்க. மூன்றாவதை எழுதி மூடி வைக்க. எழுதாத கவலை ஒன்று பத்தாகத் தோன்றும். எழுதினால் அதன் அளவு தெரியும்.

குழந்தையோடு பேசுதல்: ஏறத்தாழ ஆறாம் மாதம் முதல் கருவிலுள்ள குழந்தை ஒலிக்கு அசைகின்றது. 1986ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இறுதி ஆறு வாரங்கள் தாய்மார் ஒரு கதையை நாள்தோறும் உரக்கப் படித்தனர். பிறந்த குழந்தைகள் புதிய கதையைவிட அந்தக் கதையின் ஒலியையே விரும்பிக் கேட்டன. ஆகவே தோத்திரமோ, கதையோ, பாட்டோ தாய் விரும்பியதை மெல்லிய குரலில் படிக்கலாம். அறிவாளிக் குழந்தை வேண்டும் என்னும் கட்டாயத்தால் படிக்க வேண்டாம். படிக்கும் தாயின் மனம் அமைதியுறுகின்றதே, அதுவே போதிய பயன்.

6. இல்லத்தார் செய்யத்தக்கவை

ஆதிநாதரைக் கருவில் தாங்கிய மருதேவித் தாய்க்குத் தேவமகளிர் வந்து பணிவிடை புரிந்ததாகவும், இனிய உரையாடல்களாலும் விடுகதைகளாலும் அவர் மனத்தை மகிழ்வித்ததாகவும் ஆதிபுராணம் கூறுகின்றது. இதனை நாம் பக்தியோடு கேட்டுவிட்டு எழுந்து போகின்றோம். தாய்மை எய்தியவளுக்குத் தொண்டு புரிதலும், அவள் உள்ளத்தை மலர்ச்சியாக வைத்தலும் சுற்றத்தாரின் பணி என்னும் படிப்பினை அதனுள் உள்ளது. தேவமகளிர் எவரும் மருதேவிக்கு "கவலைப்படாதே" என்று அறிவுரை கூறி அமரவில்லை. அருகிலிருந்து பணி செய்தனர்.

கணவர்: மருத்துவப் பரிசோதனைக்கு உடன் செல்க. மருத்துவர் கூறுவதை எழுதிக்கொள்க. நாள்தோறும் கால் மணி நேரமேனும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் இன்றி மனைவியின் பேச்சைக் கேட்க. உடனே தீர்வு கூற முயல வேண்டாம். கேட்பதே பாதித் தீர்வு. தம் தாய்க்கும் மனைவிக்கும் இடையே கருத்து வேறுபாடு எழுமாயின், அதனைத் தீர்க்கும் பொறுப்பைத் தாமே ஏற்க. வெளியூரில் பணிபுரிபவர் ஒரே நேரத்தில் நாள்தோறும் பேசுவதை வழக்கமாக்குக.

மாமியார்: வேலைகளைப் பங்கிட்டுக் கொடுங்கள். குனிந்து தூக்கும் வேலையும், கொதிக்கும் கலத்தை இறக்கும் வேலையும் வேறொருவர் செய்யட்டும். உங்கள் பேறுகால அனுபவங்களில் வலியையும் இடரையும் விரித்துரைக்க வேண்டாம். எப்படித் தேறினீர்கள் என்பதைக் கூறுங்கள். மருமகள் பகலில் ஒருமணி நேரம் படுத்திருப்பதற்கு நீங்களே முதலில் சொல்லிவிட்டால், அவள் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

தாய்: மகள் அழைத்துக் குறை கூறும்போது, சம்பந்தி வீட்டார்மீது சினத்தை வளர்த்தல் கூடாது, "பொறுத்துப் போ" என்று வாயை அடைத்தலும் கூடாது. மகள் அச்சுறுத்தலுக்கோ அடிக்கோ உள்ளாகின்றாள் என்றால் அது பொறுக்க வேண்டிய செய்தியன்று. காலம் தாழ்த்தாமல் அவளைப் பாதுகாப்பான இடத்திற்கு அழைத்து வர வேண்டும்.

சீமந்தமும் வளைகாப்பும் இத்தகைய ஆதரவின் அடையாளங்களே. பிள்ளை பெற்று வளர்த்த பெண்டிர் பலர் சூழ்ந்து நின்று, உனக்கு நாங்கள் இருக்கின்றோம் என்று கூறாமற் கூறும் நிகழ்ச்சி அது. அந்த நோக்கம் மறைந்து, எத்தனை தட்டு, எவ்வளவு பொன் என்னும் கணக்கு முன்னே வந்தால், அதுவே பெண்ணுக்கும் பெற்றோருக்கும் புதிய சுமையாகிவிடும். கடன் வாங்கிச் செய்யும் வளைகாப்பு மன அமைதி தராது. குழந்தை பேறற்ற பெண்டிரை விலக்கி வைத்தலும் நம் அறத்திற்கு ஒவ்வாது.

7. பணியும் பணமும்

நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் அரசுப் பணியாளருக்கு மகப்பேறு விடுப்பு 90 நாளே. பேற்று நாள் நெருங்கும்வரை கரும்பலகையின் முன் நின்றுவிட்டு, கைக்குழந்தையைப் பிரிந்து விரைவில் பள்ளிக்குத் திரும்பிய உடன்பணியாளர் பலரைக் கண்டுள்ளேன். இன்று நிலை மாறியுள்ளது. தமிழக அரசுப் பணியாளருக்கான விடுப்பு 2011இல் ஆறு மாதமாகவும், 2016இல் ஒன்பது மாதமாகவும், 2021இல் ஓராண்டாகவும் உயர்த்தப்பட்டது. தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்திய 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதல் இரு பேறுகளுக்கு 12 வாரமாக இருந்த ஊதியத்துடன் கூடிய விடுப்பு 26 வாரமாயிற்று.

வருவாய் குறைந்த குடும்பத்தினருக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் உள்ளது. கருவுற்ற 12 வாரத்திற்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அரசு நலவாழ்வு நிலையத்திலோ பதிவு செய்தல் இன்றியமையாதது. எவ்வளவு செலவாகும், எங்கே பேறு பார்ப்பது, வாகனம் எது, உடன் வருபவர் யார் என்பவற்றை ஏழாம் மாதத்திற்குள் முடிவு செய்து ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டால், கவலையில் பாதி குறையும்.

8. பேறுகால அச்சம்

பிள்ளைப்பேறு மறுபிறவி என்பர் நம் முன்னோர். மருத்துவ வசதியற்ற காலத்தில் அது மெய்யான சொல். இன்றைய நிலை வேறு. 2019–21 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நூற்றுக்கு 99க்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்கின்றன. இந்தச் செய்தியைக் கருவுற்றவளுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

அச்சம் மிகுந்தால் உடல் இறுகும். உடல் இறுகினால் வலி மிகும். வலி மிகுந்தால் அச்சம் மேலும் வளரும். இந்தச் சுழற்சியை விளக்கியவர் கிரான்ட்லி டிக்-ரீட் என்னும் ஆங்கிலேய மருத்துவர். சுழற்சியை உடைக்கும் வழிகள் இரண்டு: முன்னறிவும் உடனிருப்பும். பேற்று வலி எவ்வாறு தொடங்கும், எவ்வளவு நேரம் நீடிக்கும், வலியைக் குறைக்க என்ன செய்வர் என்பவற்றை மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டு அறிதல் முன்னறிவு. நம்பிக்கைக்குரிய ஒருவர் பேற்றறையில் அருகிலிருத்தல் உடனிருப்பு. 17 நாடுகளில் 15,000க்கு மேற்பட்ட பெண்டிரிடம் நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியிட்ட அறிக்கை, இடைவிடாத துணை பெற்ற பெண்டிருக்கு இயல்பான பேறு மிகுதியாகவும், பேற்று நேரம் குறைவாகவும் இருந்ததைக் காட்டியது. அரசு மருத்துவமனைகளுக்காக 2017இல் தொடங்கிய மத்திய அரசின் லக்ஷ்யா திட்டமும் பேற்றுத் துணையை வலியுறுத்துகின்றது. உங்கள் மருத்துவமனையில் துணைக்கு அனுமதி உண்டா என்று முன்னதாகவே கேட்டு வைக்க.

மேற்கூறிய கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேறுகள் அறுவை முறையில் நிகழ்ந்தன. எனவே அறுவை நேர்ந்தால், "சுகப்பிரசவம் ஆகவில்லையே" என்று பெண்ணின் காதுபட வருந்தலாகாது. தாயும் சேயும் நலமாயின் அதுவே சுகப்பேறு.

9. மருத்துவரை நாட வேண்டிய வேளை

இரண்டு வாரத்திற்கு மேல் தொடர்ந்து வருத்தம், எதிலும் நாட்டமின்மை, காரணமற்ற அழுகை, நெஞ்சுப் படபடப்பு, உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, நான் பயனற்றவள் என்னும் எண்ணம் ஆகியன இருப்பின் அது பிடிவாதமோ, "வேண்டுமென்று செய்வதோ" அன்று. மருத்துவம் தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணிப்பின்படி வளரும் நாடுகளில் கருவுற்ற பெண்டிரில் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேருக்கும், பேற்றிற்குப் பின் ஏறத்தாழ 20 பேருக்கும் மனநலக் கோளாறு, பெரும்பாலும் மனச்சோர்வு, ஏற்படுகின்றது. பேச்சுவழி மருத்துவமும், தேவையெனில் கருவுற்ற காலத்திற்கேற்ற மருந்தும் உண்டு. முன்னமே மனநல மருந்து உட்கொள்பவர்கள் தாமாக அதனை நிறுத்தலாகாது. மருத்துவரைக் கேட்டே முடிவு செய்க.

உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்னும் எண்ணத்தை அவள் ஒருமுறை வெளியிட்டாலும் அதனை மெய்யென்றே கொண்டு, தனியே விடாமல், உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்க. மத்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் அழைக்கலாம். தமிழக அரசின் 104 சேவையும் நலவாழ்வு ஆலோசனை தருகின்றது.

மற்றொன்றும் நினைவிற் கொள்க. கடும் தலைவலி, கண் மங்கல், திடீர் வீக்கம், இரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிதல், காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றை அவள் கூறினால், "வீண் பயம்" என்று தள்ளிவிடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. அவசர ஊர்திக்கு 108. அவள் அச்சத்திற்கு மதிப்பளித்து ஒன்பது முறை வீணாகச் சென்று வந்தாலும் குற்றமில்லை. பத்தாம் முறை ஓர் உயிரைக் காக்கும்.

10. பேற்றிற்குப் பின்

பிறந்த மூன்றாம் நாள் முதல் சில நாள்கள் காரணமின்றி அழுகை வருதல் பெரும்பாலான தாய்மாருக்கு இயல்பு. அன்பும் உறக்கமும் கிடைத்தால் இரண்டு வாரத்திற்குள் நீங்கும். நீங்காவிடில் மருத்துவரை நாடுக. குழப்பமான பேச்சும், இல்லாததைக் காண்பதும் கேட்பதும் நேருமாயின் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழந்தையைக் காண வரும் உறவினர் தாயையும் கண்டு, "நீ உறங்கினாயா, உண்டாயா" என்று கேட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

பயிற்சி வினாக்கள்

பாடத்தின் முடிவில் வினாக்கள் கேட்பது ஆசிரியர் மரபு. இவற்றிற்கு விடையளிக்க வேண்டியவள் கருவுற்ற பெண் அல்லள், அவள் இல்லத்தார்.

1. இந்த வாரம் அவளுடைய பேச்சை இடைமறியாமல் கால் மணி நேரம் கேட்டவர் உங்கள் வீட்டில் யார்?

2. அவள் செய்துவந்த வேலைகளுள் எவற்றை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள்?

3. ஆண், பெண் பற்றிய எதிர்பார்ப்பு உங்கள் வாயிலிருந்து வந்ததுண்டா? அதனை மாற்றும் சொல்லை அவள் கேட்கும்படி கூறிவிட்டீர்களா?

4. கடைசியாகச் செய்த இரத்தப் பரிசோதனையில் அவளுடைய ஹீமோகுளோபின் அளவு என்ன?

5. பேற்று வலி நள்ளிரவில் தொடங்கினால் யார், எதில், எங்கே அழைத்துச் செல்வர்?

ஐந்து வினாக்களுக்கும் விடை கூற இயன்ற இல்லத்தில், "கவலைப்படாதே" என்று ஒருவரும் சொல்ல வேண்டிய தேவை எழாது. அத்தகைய இல்லங்கள் நம் சமுதாயத்தில் பெருகுக! தாயும் சேயும் நலமுடன் வாழ்க!